பழைய ராக் எல்பிகளை மறுபடி கேட்க: ஆறு ஆல்பம், ஆறு வாரம்

1960களின் நடுவிலிருந்து 1980கள் வரை வந்த ராக் ஆல்பங்கள் என்றால் ஆளுக்கொரு தீர்ப்பு கைவசம் இருக்கும். ‘அது காவியம்’, ‘இது சுத்த அறுவை’. அந்தத் தீர்ப்பு எதைக் கேட்டு வந்தது என்று தோண்டினால், பெரும்பாலும் நண்பர் பதிந்து கொடுத்த கேசட்டோ, 128 கேபிபிஎஸ் எம்பி3யோ, தேய்ந்த ஊசியோ வெளியே வரும். அன்றைக்குப் பதிவான அதே ஆல்பம்தான் இப்போது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வதே மறுபடி கேட்பதில் முதல் வேலை. ரசனையைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் பிளேயர்) இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. செயலியில் கேட்பவர்கள் ஊசி, கழுவுதல் ஆகிய இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போகலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

பட்டியல் போடுங்கள்

ஆறு போதும். உங்களுக்கு உயிரானவை மூன்று, கேட்டு ஏமாந்து ஓரங்கட்டியவை மூன்று. வாரத்துக்கு ஒன்று. இருபது முப்பது என்று போனால் கேட்பது நின்றுபோய்ச் சேகரிப்பது ஆரம்பித்துவிடும்.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: நினைவில் நிற்கும் பாட்டுகள் எவை, பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ காரணம் என்ன, எந்தக் கருவியில் ஏறக்குறைய எத்தனை முறை கேட்டது. எழுதிய பிறகு திருத்தக் கூடாது. அட்டையை உறைக்குள்ளேயே செருகிவிடுங்கள். விமர்சனங்களை இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம். 1967இல் வந்த ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ’ அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அன்று 171ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. இன்று அதைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். இரண்டில் எதை நம்பிக் கேட்க உட்கார்ந்தாலும் காது அதைத்தான் தேடும்.

சொந்தப் பட்டியல் இல்லாதவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கே பிடித்தவை: பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ (1969), ‘லெட் செப்பலின் 2’ (1969), ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977). பலரை ஏமாற்றியவை: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972), யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973), ஃப்ளீட்வுட் மேக்கின் ‘டஸ்க்’ (1979). இந்த ஆறையே உதாரணமாக வைத்து மேலே போவோம்.

எந்தப் பதிப்பு?

ஆல்பத்தின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரில் சுற்றும் ஒலிகள் பல. தட்டைக் கையில் எடுத்து, கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான பட்டையைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் இதை ‘டெட் வாக்ஸ்’ என்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைத் தட்டின் ஓரத்திலிருந்து படுக்கை வாட்டத்தில் அடித்து, தட்டை மெல்லத் திருப்பினால் எண்களும் எழுத்துகளும் பளிச்சென்று எழும். சில அச்சானவை, சில கையால் கீறியவை. பிரிட்டிஷ் இஎம்ஐ தட்டுகளில் கோடு போட்டுக் கடைசியில் வரும் எண், அது எத்தனையாவது வெட்டு, அதாவது அச்சடிப்பதற்காக ஒலியைப் பள்ளமாக வெட்டிய மூலத் தட்டு எத்தனையாவது, என்பதைச் சொல்லும்.

இது வெறும் சேகரிப்பாளர் கிறுக்கு அல்ல. ‘லெட் செப்பலின் 2’-ஐ அமெரிக்காவில் முதலில் வெட்டியவர் ராபர்ட் லுட்விக். பள்ளங்களை அவ்வளவு சத்தமாக, அகலமாக வெட்டினார். அன்றைய மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளிக் குதிக்க, நிறுவனம் அதை நிறுத்திவிட்டுச் சத்தம் குறைந்த வெட்டு ஒன்றைப் போட்டது. டெட் வாக்ஸில் ‘ஆர்’, ‘எல்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருப்பது முதல் வெட்டு. அதைக் கேட்டவரும் பிந்தைய வெட்டைக் கேட்டவரும் ஒரே ஆல்பத்தைப் பற்றிச் சண்டை போட்டால் இருவரும் சரிதான்.

நாடும் முக்கியம். 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்க நிறுவனங்கள் பிரிட்டிஷ் ஆல்பங்களை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டின. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ (1966) பிரிட்டனில் 14 பாட்டு, அமெரிக்காவில் 11. நீக்கிய மூன்றும் ஜான் லெனானுடையவை. அமெரிக்கப் பதிப்பைக் கேட்டவருக்கு ‘லெனான் இதில் ஒதுங்கியிருக்கிறார்’ என்று தோன்றினால் வியப்பில்லை. இந்தியாவில் இஎம்ஐ தட்டுகளைக் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா கொல்கத்தா டம்டமில் அச்சடித்தது. பழைய கடைகளில் கிடைக்கும் பீட்டில்ஸ் தட்டுகளில் நிறைய அந்த வகைதான்.

1966, 67 காலத்து ஆல்பம் என்றால் மோனோவா ஸ்டீரியோவா என்றும் பாருங்கள். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) மோனோவாகவே கலக்கப்பட்டது. அதைச் செய்த பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காமல் இருந்தது. முறையான ஸ்டீரியோ கலவை 1997இல்தான் வெளிவந்தது. இடையில் விற்ற ‘ஸ்டீரியோ’ தட்டுகள் மோனோவையே இரண்டாகப் பிரித்துச் செய்த ஒப்பேற்றல். கலங்கிய ஒலி.

செயலியில் கேட்பவர்கள் ‘ரீமாஸ்டர்’, ‘ரீமிக்ஸ்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீமாஸ்டர் என்பது முடிந்த கலவையின் சத்தத்தையும் தொனியையும் மாற்றுவது. ரீமிக்ஸ் என்றால் டிரம்ஸ், கிடார், குரல் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் புதிதாகக் கலப்பது. அது கிட்டத்தட்ட வேறு ஆல்பம். ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ (1973) டேவிட் போவி கலந்தபோது மெலிந்து, கிடார் மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது. 1997இல் அந்தக் குழுவின் பாடகர் இகி பாப் தானே கலந்தார். காதைக் கிழிக்கிற சத்தம். ஒன்றைக் கேட்டு ஒதுக்கியவர்கள் மற்றதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதைவிட மோசம், ஆஸி ஆஸ்போர்னின் ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’ (1980): 2002 மறுபதிப்பில் பேஸையும் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு ஆட்களை வைத்துப் புதிதாக வாசிக்கவைத்தார்கள். 2011இல்தான் பழையது திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் சிடி வாங்கியவர், ‘சின்ன வயதில் கேட்ட மாதிரி இல்லையே’ என்று தன் காதைச் சந்தேகித்திருப்பார், பாவம்.

ஊசி, எடை, வேகம்

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். தட்டு நல்லதாக இருந்தும் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

மட்டம்: செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, நின்றிருக்கும் தட்டுமேடையில் போனை வைத்து, இரண்டு திசையிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலுக்கடியில் அட்டை கொடுங்கள். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்க வேண்டாம். அதன் அதிர்வு ஊசி வழியாகத் திரும்ப ஏறி, பேஸ் குமுறும்.

எடை: ஊசி தட்டை அழுத்தும் எடை கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு தலைப்பகுதி) மாறும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு 2.0 கிராம், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். முதலில் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழை (ஊசி தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்வது) சுழியத்தில் வையுங்கள். ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். கழற்றாமல் எடை பார்ப்பது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, மூடியின் எடையும் சேர்ந்துகொள்ளும். டோன் ஆர்மை (ஊசியைத் தாங்கும் நீளக் கை) தாங்கியிலிருந்து விடுவித்து, தட்டுக்கும் தாங்கிக்கும் நடுவில் வைத்து, பின்னால் இருக்கும் எடையைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தராசு முள் மாதிரி மிதக்க வேண்டும். ஊசி எதிலும் இடிக்காதபடி விரலை அருகிலேயே வைத்திருங்கள். மிதந்ததும் ஆர்மைத் தாங்கியில் பூட்டி, எடையை அசைக்காமல் அதன் முகப்பில் உள்ள எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். இனி எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி 1.8 அல்லது 2.0-க்குக் கொண்டுவாருங்கள். ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வைத்து ஆரம்பியுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பொரிந்தால் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

‘தட்டு தேயாமல் இருக்கட்டும்’ என்று எடையைக் குறைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் ஒட்டி ஓடாமல் சுவரில் மோதி மோதிப் போகும். அந்த மோதல்தான் தட்டைக் கெடுக்கும்.

வேகம்: லேபிளில் சின்னக் காகிதப் பொட்டு ஒட்டி, பாட்டு ஓடும்போதே 100 சுற்று எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 180 வினாடி ஆக வேண்டும். 182 ஆனால் ஒரு சதவீதம் மெதுவாக ஓடுகிறது, பெரும்பாலானோர் காதுக்குத் தெரியாது. 186, 187 என்றால் பெல்ட் தொய்ந்துவிட்டது. பாடகர் சோர்ந்துபோய்ப் பாடுவதாகத் தோன்றும்.

இணைப்பு: டர்ன்டேபிளுக்கு ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்யும் கருவி) தேவை. அது இல்லாமல் ஆம்பின் ஆக்ஸில் நேரே செருகினால் சத்தம் முனகலாக, பேஸே இல்லாமல் தகர டப்பா போலக் கேட்கும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து, அதை ஆம்பின் ஃபோனோவில் செருகினால் எல்லாம் பிளந்து கர்ஜிக்கும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கழுவுதல்

ஒவ்வொரு முறையும் தட்டு சுற்றும்போது கார்பன் ஃபைபர் பிரஷை இரண்டு சுற்று வைத்து எடுங்கள். பழைய கடைத் தட்டு என்றால் ஒருமுறை ஈரமாகக் கழுவ வேண்டும்: 750 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 250 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால், வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. உப்பு பள்ளத்திலேயே படிந்துவிடும். தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகளுக்கு இந்தக் கலவையைத் தொடவே வேண்டாம், அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மழைக்காலத்தில் உறைக்குள் வெள்ளைப் பூஞ்சை வந்தால் தட்டைக் கழுவினால் போதாது, உள்ளுறையையும் மாற்றுங்கள். பழைய பிவிசி உள்ளுறைகள் தட்டையே மங்கவைக்கும்.

பக்கம்தான் அளவு

வினைல் காலத்து ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாகவும் கேட்கக் கூடாது, மொத்தமாகவும் கேட்கக் கூடாது. பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். குழுக்களும் தயாரிப்பாளர்களும் அப்படித்தான் அடுக்கினார்கள், அடுக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது.

ஒரு பக்கத்தில் நல்ல சத்தத்தோடு சுமார் 22 நிமிடம் அடங்கும். நீளம் கூடினால் பள்ளங்களை நெருக்கி, மெலிதாக வெட்ட வேண்டும். பேஸ் இளைத்து, சத்தம் இறங்கும். டாட் ரண்ட்கிரனின் ‘எ விஸார்டு, எ ட்ரூ ஸ்டார்’ (1973) ஒரே தட்டில் ஏறக்குறைய 55 நிமிடம். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள் என்று உறையிலேயே சொல்லவேண்டி வந்தது. அது சோகையாகக் கேட்டால் பாட்டின் மேல் பழி போடாதீர்கள்.

தட்டின் விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிள் அருகில் அதே வினாடிக்கு 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும் என்பதால் உச்ச ஒலிகள் அங்கே பொரியும். பல ஆல்பங்களில் பக்கக் கடைசியில் மென்மையான பாட்டு இருப்பது இதனாலும்தான். ‘ரூமர்ஸ்’ முதல் பக்கம் குழுவின் கிறிஸ்டின் மெக்வியின் பியானோவோடு அடங்குகிறது. ‘அபே ரோடு’ நேர்மாறாகச் செய்கிறது: முதல் பக்கத்தின் கடைசியில் கிடார் சுழன்று சுழன்று, காற்றிரைச்சல் ஏறி ஏறி, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சட்டென்று நிற்கும். பிறகு மௌனம். எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். ஊசி இறங்கியதும் வருவது ஜார்ஜ் ஹாரிசனின் வெயில் பாட்டு. செயலியில் இவை இரண்டும் சில நொடி இடைவெளியில் மோதிக்கொள்ளும். அந்த ஒரு நிமிட மௌனம் ஆல்பத்தின் பகுதி.

ஆகவே செயலியில் கேட்பவர்கள் செய்ய வேண்டியது: ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஆட்டோபிளே மூன்றையும் அணையுங்கள். முதல் வெளியீட்டின் பாட்டு வரிசையைத் தேடி, பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிளேலிஸ்ட் போடுங்கள். ‘ரூமர்ஸ்’ என்றால் ஆறு பாட்டு, ஐந்து பாட்டு, அவ்வளவுதான். நீளம் கருதி அன்று விடப்பட்ட ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நல்ல பாட்டுதான், ஆனால் இந்த ஆல்பத்தில் அது கிடையாது. போனஸ் பாட்டுகளை வெட்டுங்கள். முடிந்த கல்யாணத்தில் மறுபடி மேளம் அடிப்பதுபோல அவை முடிவைக் கெடுக்கும். வால்யூம் நார்மலைசேஷன் (எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வசதி) மட்டும் இயங்கட்டும். இரண்டு ரீமாஸ்டர்களை ஒப்பிடும்போது சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும். அந்த ஏமாற்றை அது தடுக்கும்.

இரட்டை ஆல்பம் என்றால் லேபிளைப் பார்த்துவிட்டு வையுங்கள். தானாகத் தட்டு மாற்றும் பிளேயர்களுக்காகச் சில இரட்டை ஆல்பங்களில் 1ஆம் பக்கத்தின் பின்னால் 4ஆம் பக்கத்தை அச்சடித்திருப்பார்கள். திருப்பிப் போட்டால் கதை தாவும்.

மூன்று முறை

ஒரு வாரத்தில் மூன்று முறை கேளுங்கள், நடுவில் ஒரு நாளாவது விட்டு. முதல் முறை உறையைக்கூடப் படிக்காமல். இரண்டாம் முறை பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடர்ந்து. குரலும் கிடாரும் தானாகவே காதில் விழும், கீழ்த்தளத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். மூன்றாம் முறை இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எந்த இடத்தில் கை ஊசியைத் தூக்கப் போனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அபிப்பிராயத்தைவிட அந்தக் குறிப்பு நேர்மையானது.

ஏமாற்றியவை

ஏமாற்றத்துக்குக் காரணம் ஆல்பத்திலா, அதற்கு முந்தைய ஆல்பத்திலா என்று பிரியுங்கள். ‘டஸ்க்’ தனியாக வந்திருந்தால் வினோதமான, சுவையான ஆல்பம் என்று பெயர் வாங்கியிருக்கும். ‘ரூமர்ஸ்’ கோடிக்கணக்கில் விற்றபின், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அடுத்ததாக வந்ததால்தான் தோல்வி என்று முத்திரை விழுந்தது. அதில் 20 பாட்டு, எழுதியவர்கள் குழுவின் மூன்று பேர்: லிண்ட்சி பக்கிங்ஹாம் 9, கிறிஸ்டின் மெக்வி 6, ஸ்டீவி நிக்ஸ் 5. மூவரும் மாறி மாறி வருவதால் மெத்தையும் முள்ளும் கலந்ததுபோல் இருக்கும். பக்க விதிக்கு இங்கே ஒரு விலக்கு: முதல் முறை ஆள்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பக்கிங்ஹாமின் ஒன்பதும் தனியாக ஓடும்போது அந்தக் கரடுமுரடு வேண்டுமென்றே செய்தது என்று புரியும். பிறகு மூல வரிசைக்குத் திரும்புங்கள்.

‘எக்ஸைல்’ விஷயம் வேறு. பெரும்பகுதி பிரான்சின் தென்கரையில் நெல்கோட் என்ற மாளிகையில், வெளியே நின்ற நடமாடும் ஸ்டுடியோ வண்டியில் பதிவானது. பாடகர் மிக் ஜாகரின் குரல் கிடார்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். கருவியில் கோளாறு என்று எண்ணி டிரெபிளைக் கூட்டாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். 18 பாட்டையும் ஒரே மூச்சில் கேட்பது புதியவர்கள் செய்யும் தப்பு. இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கிராமத்து அக்கூஸ்டிக் மணம் உள்ள நான்கு பாட்டு, இருப்பதிலேயே தெளிவான பக்கம். அது பிடித்தபின் மூன்று, ஒன்று, கடைசியில் நான்கு.

‘டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ நான்கு பக்கம், நான்கே பாட்டு. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தைச் சுற்றி. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்து, குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் போட்ட திட்டம் இது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று பக்கத்துக்கு ஒன்று. நமக்குப் பழகிய சொற்களாயிற்றே என்று பாட்டில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. வெளிச்சட்டம் மட்டும்தான் நம் ஊர். குழுவுக்குள்ளேயே இது பிடிக்காமல் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் 1974இல் விலகினார். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாள் 1, அடுத்த நாள் 4. இவற்றில் கரையேற மெட்டுகள் உண்டு. நடுவிலுள்ள இரண்டும், குறிப்பாக மூன்றாவது, எத்தனை முறை கேட்டாலும் இழுவைதான். அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிடித்தவை

இதற்கு ஒரே சோதனை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை நீக்கிவிட்டு மீதியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். மீதியும் நின்றால் அது ஆல்பம். நிற்காவிட்டால் நீங்கள் நேசித்தது இரண்டு சிங்கிள்களை (தனியாக வெளிவிட்ட பாட்டுகளை). ‘அபே ரோடு’ இரண்டாம் பக்கத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. அரைகுறைத் துண்டுகளைக் கோத்துச் செய்த தொடர் அது, ஒன்றை உருவினால் எல்லாம் உதிரும்.

ஆறாவது வார முடிவில் அட்டைகளை வெளியே எடுத்து, அன்று எழுதியதன் கீழே புதிய மூன்று வரி சேருங்கள்: எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் நின்றது, எங்கே கை எழுந்தது. மூன்று முறையும் அதே இடத்தில் கை எழுந்திருந்தால் அந்தத் தட்டைத் தயங்காமல் விற்றுவிடலாம். விற்கும் முன் டார்ச்சை எடுத்து ஒருமுறை டெட் வாக்ஸைப் பார்த்துவிடுங்கள். ‘லெட் செப்பலின் 2’-இல் அந்த இரண்டு எழுத்து இருந்தால் கடைக்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்ட வேண்டாம்.